அட்டைப்பெட்டியும் நாலு ஆர் ஒரு சென்டியாரும்

வில்லியனூரில் பதிவு அலுவலகத்துக்கு எதிர் வரிசையில் இருக்கிறது என் கடை. கடை என்றால் ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், மனம் இருந்தால் வேலை செய்யும் ஒரு பிரிண்டர். வாசலில் போர்டு: ‘சேவியர், பத்திர எழுத்தர், 26 ஆண்டு அனுபவம்.’ போர்டு எழுதி ஆறு வருடமாகிறது. அதற்குப் பிறகுதான் என் அனுபவம் வளரவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். போன வருடம் ஜெயசித்ரா வந்து, அதற்கு முந்தைய இருபத்தாறும் சந்தேகம்தான் என்று காட்டிவிட்டுப் போனாள். அவளை நினைத்தால் இன்றும் கை தானாகக் கும்பிடப் போகிறது.

முதலில் என் தொழிலின் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஒரு மனையை விற்றாலும் பிரித்தாலும் பத்திரத்தில் நான்கு எல்லை எழுத வேண்டும். ஒவ்வொரு பக்கமும் எத்தனை அடி என்று எழுத வேண்டும். கடைசியில் ‘ஆக இத்தனை சதுர அடி’ என்று முடிக்க வேண்டும். அந்த ‘ஆக’ எப்படி வருகிறது? எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்குவோம். வடக்கே நாற்பது, தெற்கே நாற்பத்திரண்டு என்றால் நாற்பத்தொன்று. கிழக்கு, மேற்குக்கும் அதே மாதிரி. இரண்டையும் பெருக்கினால் சதுர அடி. மனையின் மூலைகள் நேராக நிற்கின்றனவா, சாய்ந்து நிற்கின்றனவா என்று இந்தக் கணக்கு கேட்காது. நானும் கேட்டதில்லை. கேட்காமலே முப்பத்தொரு வருடம் ஓடியது.

ஜெயசித்ராவும் அவள் அண்ணன் ஆதிமூலமும் அப்பா விட்டுப்போன மனையைப் பாகம் பிரித்துக்கொள்ள வந்தார்கள். மதகடிப்பட்டிலிருந்து உள்ளே ஒரு கிலோமீட்டர். முன்னால் ரோடு, பின்னால் வாய்க்கால். ரோட்டோரம் எண்பது அடி, உள்நோக்கி அறுபது அடி. இதில் பாதி வரை ரோடு நேராகப் போகிறது. அதற்குப் பிறகு வாய்க்காலோடு சேர்ந்து ரோடும் வளைகிறது. நேரான பாதி அண்ணனுக்கு, வளைந்த பாதி தங்கைக்கு. இருவருக்கும் ரோட்டோரம் நாற்பது, பின்பக்கம் நாற்பது, இரண்டு பக்கவாட்டிலும் அறுபது. நாற்பது பெருக்கல் அறுபது, ஆளுக்கு 2,400 சதுர அடி. இவ்வளவு அழகாகப் பிரிந்த பாகத்தை நான் பார்த்ததே இல்லை என்று அவர்களிடமே சொன்னேன். வரைவு தயார். வியாழக்கிழமை கையெழுத்து.

வியாழக்கிழமை காலை ஜெயசித்ரா கம்பெனி சட்டையோடு வந்தாள். திருபுவனையில் அட்டைப்பெட்டி செய்யும் ஒரு கம்பெனியில் வேலை. இரண்டு மணி நேரம் பர்மிஷன்.

“சார், எனக்கு இன்னாவோ சரியாப் படல. கையெழுத்து போடறதுக்கு முன்னால ஒருவாட்டி பாருங்க.”

“என்னம்மா சரியில்ல?”

“ஞாயித்துக்கெழம மேஸ்திரி இன்னாசிமுத்துவ இட்டுகினு போயி நூல் புடிச்சேன். வூடு அகலம் முப்பத்தி மூணு அடி. நாப்பது அடி மனையில முப்பத்தி மூணு நிக்கணும் இல்ல? நூல இழுக்கறாரு, இழுக்கறாரு, முப்பத்தி ரெண்டுலயே அந்தாண்ட கொல்லைக்காரரு வேலி வந்துடுச்சி.”

“ரோட்டோரம் அளந்தியா?”

“அளந்தேன். நாப்பது சுத்தமா இருக்குது. ஆனா ரோடு கோணலாப் போவுதுன்னு வூட்டயும் கோணலாவா கட்டுவாங்க?”

நான் வரைவைத் திருப்பிப் பார்த்தேன். நாற்பது, நாற்பது, அறுபது, அறுபது. கணக்கில் ஒரு பிழையும் இல்லை. பிழை மேஸ்திரியின் நூலில்தான் இருக்கும் என்று சொன்னேன். ஒரு அடிதானே குறைகிறது, வீட்டைக் கொஞ்சம் சுருக்கினால் போகிறது என்றும் சொன்னேன். அடுத்தவர் வீட்டைச் சுருக்குவதில் எனக்கு எப்போதுமே கஷ்டம் இருந்ததில்லை.

“சுருக்கலாம்னுதான் மேஸ்திரியும் சொன்னாரு. வேலிய ஒட்டி செவுரு எழுப்ப முடியாது, ரெண்டு பக்கமும் கொஞ்சம் வுடணும், அதனால பாத்ரூம தூக்கிடலாம்னாரு. பின்னால தனியா ஒரு ஷெட்டு போட்டுக்கலாமாம்.” அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. “சார், பதினேழு வருஷமா மதகடிப்பட்டுல வாடகை வூடு. நாலு குடும்பத்துக்கு ஒரு பாத்ரூம். அஞ்சே முக்காலுக்குக் கம்பெனி பஸ்ஸு. குளிக்கறப்ப யாராச்சும் கதவத் தட்டாத ஒரு நாள் கெடையாது. இந்த வூட்டுல எனக்கு ஹாலு வேணாம், போர்ட்டிக்கோ வேணாம். உள்ளயே ஒரு பாத்ரூம் வேணும். அதத்தான் தூக்கறேன்றாரு.”

இதற்கு நான் பதில் யோசிப்பதற்குள் ஆதிமூலம் வந்துவிட்டார். தனியாக வரவில்லை. மனைவி வழியில் சித்தப்பா முறையாகும் ஒருவரை அழைத்து வந்திருந்தார். தங்கை மனையை அளக்கப் போன செய்தி ஆதிமூலத்துக்கும் எட்டியிருந்தது. சந்தேகம் வந்தால் தீர்க்க ஆள் வேண்டாமா. வந்தவர் தன் விசிட்டிங் கார்டை என் மேசையில் வைத்தார். ‘கணிதச் சிகரம் பேரா. பக்கிரி, எம்.எஸ்சி., எம்.ஃபில்., (ஓய்வு).’ பட்டங்களுக்கு இடம் வேண்டி போன் நம்பரைப் பின்பக்கம் அச்சடித்திருந்தார்கள்.

விஷயத்தைச் சொன்னேன். பக்கிரி கண்களை மூடித் திறந்தார்.

“அம்மா, உணர்ச்சி வேறு, கணிதம் வேறு. எதிர்ப்பக்கங்களைக் கூட்டி, பாதியாக்கி, பெருக்குவது என்பது இந்த எழுத்தர் கண்டுபிடித்தது அல்ல.”

“அது தெரியுது சார்,” என்றது ஒரு குரல். பக்கத்துக் கடை அக்பர் அலி. ஜெராக்ஸ், ஸ்டேஷனரி, லேமினேஷன். என் கடையில் நான்கு பேர் கூடினால் ஐந்தாவது ஆள் அவர்தான்; டீ கிளாஸோடு வாசற்படியில் சாய்ந்திருந்தார்.

பக்கிரி அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார். “நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன் பாபிலோனில் களிமண் பலகையில் இதே முறையில்தான் வயல்களுக்குப் பரப்பு எழுதினார்கள். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் எகிப்தில் ஒரு கோயில் சுவர் முழுக்கக் கோயில் நிலங்களின் பட்டியலைச் செதுக்கியிருக்கிறார்கள். அத்தனை நிலத்துக்கும் இதே முறை. முக்கோண நிலம் வந்தால்கூட விடவில்லை. நாலாவது பக்கம் ‘ஒன்றுமில்லை’ என்று எழுதி, அதையும் சேர்த்துக் கூட்டிப் பாதியாக்கினார்கள்!”

“இல்லாத பக்கத்தயுமா கூட்டுனாங்க?” என்றார் அக்பர் அலி. “வரி போடறவன் வேலையா இருக்கும்.”

“பாய், கொஞ்சம் கம்முனு இரு,” என்றார் ஆதிமூலம். “பெரியவரு சொல்றாரு இல்ல. பாத்தியா ஜெயா? எகிப்துலயே இதான் கணக்காம். உனுக்கு மட்டும் எப்பிடி தப்பாப் போவும்?”

ஜெயசித்ரா அக்பர் அலியின் கடை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே ஜெராக்ஸ் பேப்பர் வந்த காலிப் பெட்டிகள் மடித்து அடுக்கியிருந்தன.

“பாய், அந்தப் பெட்டி ஒண்ணு எடுத்துக்கட்டா?”

“நாலு எடுத்துக்கம்மா. வூடு மாத்தறியா?”

“மாத்தல, கட்டப் போறேன்,” என்று ஒன்றை எடுத்துவந்தாள். ஒரு நாளைக்கு ஆயிரம் பெட்டி பார்க்கிற கை. மடிப்பைத் தட்டி விரித்து, மேல் மூடி, கீழ் மூடி இரண்டையும் வெளிப்பக்கம் மடக்கிவிட்டு, என் மேசைமேல் வைத்தாள். அடியும் இல்லை, மூடியும் இல்லை. நான்கு சுவர் மட்டும் நின்றது.

“சார், இந்த நாலு பக்கத்த அளங்க.”

ஸ்கேலை வைத்தேன். நீளத்தில் பதினைந்து அங்குலம், அகலத்தில் பத்து. எதிர்ப்பக்கங்களும் அப்படியே.

“உங்க கணக்குல எவ்ளோ?”

“நூற்றைம்பது.”

அவள் ஒரு மூலையில் விரலை வைத்துப் பெட்டியை லேசாகச் சாய்த்தாள். நேராக நின்ற மூலைகள் கோணலாயின. “இப்ப அளங்க.”

பக்கங்கள் மாறவில்லை. அட்டை நீளுமா, குறுகுமா? பதினைந்து, பத்து. “நூற்றைம்பது,” என்றேன். உள்ளே தெரிந்த மேசை கொஞ்சம் குறைந்திருப்பதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

இன்னும் சாய்த்தாள். “இப்ப?”

“நூற்றைம்பது.”

உள்ளங்கையால் ஒரே அமுக்கு. பெட்டி தட்டையாகப் படுத்தது. ஒரு பக்கம் இன்னொரு பக்கத்தின்மேல் ஒட்டிக்கொண்டது. “இப்ப?”

ஸ்கேலை மேசையில் போட்டேன். பக்கம் நான்கும் அப்படியே இருந்தன. என் கணக்குப்படி அந்தத் தட்டையான அட்டைக்குள் நூற்றைம்பது சதுர அங்குலம் இருந்தாக வேண்டும்.

அக்பர் அலி டீயைக் கீழே வைத்தார். “சேவியரு, அதுக்குள்ள ஒரு கட்டு பேப்பரு வெச்சுக் காட்டு பாப்போம். எகிப்துல இருந்து ஆள் வந்தாலும் வெக்க முடியாது.”

“இது… இது தீவிர நிலை,” என்றார் பக்கிரி. “முழுக்கச் சாய்ந்த ஒன்றை எடுத்துக்கொண்டு, லேசாகச் சாய்ந்ததைப் பற்றி முடிவு செய்யக் கூடாது.”

ஜெயசித்ரா மரியாதையாகத்தான் கேட்டாள். “முழுசா சாஞ்சா முழுசா போவுது சார். நேரா நின்னா ஒண்ணும் போவல. நடுவுல எந்த எடத்துல போவ ஆரம்பிக்குதுன்னு நீங்களே சொல்லுங்க.”

சிகரம் விசிட்டிங் கார்டை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டது.

எனக்கு அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. சாய்ந்தால் குறையும் என்பது மட்டும் இல்லை. சாய்ந்தால் குறையவே செய்யும், ஒரு நாளும் கூடாது. அப்படியானால் முப்பத்தொரு வருடமாக நான் எழுதிய கோணல் மனைகளில் ஒன்றில்கூடக் குறைத்து எழுதியிருக்க மாட்டேன். எல்லாவற்றிலும் கூட்டித்தான் எழுதியிருப்பேன். இல்லாத நிலத்துக்குச் சொந்தக்காரர்களாக எத்தனை பேரை ஆக்கி, வாழ்த்தி அனுப்பியிருக்கிறேனோ.

ஆதிமூலம் மட்டும் விடவில்லை. “பொட்டிய வுடு. மனை இன்னா அட்டையா? நாலு பக்கமும் சமம். ரெண்டு பாகமும் சமம்.”

“சமம்தானா ண்ணா?”

“சமம்தான்.”

“அப்ப மாத்திக்கலாம். நேரா இருக்கறத எனக்கு எழுதச் சொல்லு. கோணல நீ எடுத்துக்க. உனுக்கும் ரோட்டோரம் நாப்பது, எனுக்கும் நாப்பது. சார் பேர மட்டும் மாத்தி அடிச்சா போதும்.”

ஆதிமூலம் கெட்டவர் இல்லை. தங்கை கல்யாணத்துக்கு மாட்டை விற்றவர். தப்பு என்று தெரிந்து செய்கிறவராக இருந்திருந்தால் அந்த நொடியில் ஒரு பொய் சொல்லியிருப்பார். அவருக்கு வரவில்லை.

“இல்ல ஜெயா… அந்தத் துண்டு ஒரு மாதிரி இருக்குது.”

“இன்னா மாதிரி?”

அவர் தலையைச் சொறிந்தார். “பாக்கறதுக்கு… சின்னதா.”

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே கேட்டது. எகிப்து, பாபிலோன் எல்லாம் ஒரு பக்கம். அந்த நிலத்தில் ஏர் ஓட்டிய கால் ஒரு பக்கம். அந்தக் காலுக்கு இது எப்போதோ தெரிந்திருக்கிறது.

அப்போதுதான் நான் ஃபைலைத் திறந்தேன். அதில் பட்டா இருந்தது, முதல் நாளிலிருந்தே இருந்தது. எங்கள் புதுச்சேரிப் பட்டாவில் அடியும் இல்லை, சென்ட்டும் இல்லை. பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன ஹெக்டேர், ஆர், சென்டியார். ஆர் என்றால் நூறு சதுர மீட்டர், சென்டியார் என்றால் ஒன்று. ஜனங்கள் பேசுவது குழியும் அடியும். அதனால் பட்டாவில் இருக்கும் எண்ணைச் சர்வே நம்பருக்குப் பக்கத்தில் அப்படியே பார்த்து எழுதுவோம். அது அடியில் எவ்வளவு என்று பெருக்கிப் பார்க்கிற வழக்கம் எனக்குத் தெரிந்து எங்கள் வரிசையில் ஒருவருக்கும் கிடையாது. கீழேயே நம் சதுர அடி வந்துவிடுகிறதே. ஒரே பக்கத்தில் இரண்டு எண், ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாமல், மாமியார் மருமகள் மாதிரி.

நாலு ஆர் ஒரு சென்டியார் என்று இருந்தது. அதாவது நானூற்றொரு சதுர மீட்டர். போனில் பெருக்கினேன். கிட்டத்தட்ட 4,320 சதுர அடி.

நான் எழுதியிருந்த மொத்தம் 4,800.

சரியான எண்ணை நானே என் கையால் எழுதி, அதற்குக் கீழேயே தப்பான எண்ணையும் எழுதி, இரண்டுக்கும் சேர்த்து முத்திரை வைக்க இருந்திருக்கிறேன்.

“நானூற்று எண்பது அடி இல்லவே இல்ல,” என்றேன். “இல்லாதது பூரா ஜெயசித்ரா பக்கத்துலதான்.”

“அவ்ளோவா?” என்றார் ஆதிமூலம். பயந்துவிட்டார். “அவ்ளோ நான் எங்கருந்து தருவேன்?”

“அவ்ளோ வேணாம். இருக்கறத ரெண்டாப் பிரிச்சா ஆளுக்கு 2,160. உங்க நேரான துண்டு நாற்பதுக்குப் பதிலா முப்பத்தாறு அடி அகலம் இருந்தா சரியாப் போச்சு. நடு எல்லைக் கல்லை உங்க பக்கமா நாலடி நகர்த்தணும்.”

“நாலடிதானா?” அவர் மூச்சை விட்டார். “இதுக்கா இவ்ளோ நேரம்?”

அன்று மத்தியானம் கடையைப் பூட்டிவிட்டு எல்லோரும் கிளம்பினோம்; ஜெயசித்ரா பர்மிஷனை லீவாக மாற்றிக்கொண்டாள். முப்பத்தொரு வருடத்தில் நான் எழுதிய ஒரு நிலத்தை நேரில் பார்க்கப் போனது அதுதான் முதல் தடவை. இதுவரை என் நிலங்கள் எல்லாம் ஏ4 அளவில்தான் இருந்தன. ஜெயசித்ரா அந்தப் பெட்டியை விரித்து, சாயாதபடி அடியை மூடி, அதன் ஒரு மூலையை நடு எல்லையில் கட்டிய கயிற்றோடு ஒட்டிப் பிடித்தாள். சாயாத பெட்டியின் மூலையைவிட நேரான மூலை அங்கே வேறு ஏது? அதன் விளிம்பைப் பிடித்து நான் டேப்பை இழுத்தேன். பக்கத்து வேலியில் டேப்பைத் தொட்டுப் பிடித்தவர் பக்கிரி. சட்டையில் முள் குத்தியதைப் பொருட்படுத்தாமல் குனிந்து படித்தார்.

“முப்பத்திரண்டு,” என்றார். அதற்கு முன்னும் பின்னும் எதுவும் சேர்க்கவில்லை. அன்று அவர் பேசிய மிகச் சிறிய வாக்கியம் அதுதான்.

நடுக்கல் நாலடி நகர்ந்தபோது ஆதிமூலம் வைத்த இரண்டு தென்னங்கன்றுகள் தங்கை பக்கம் போயின. அவர் அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“உன் கன்னுதான் ண்ணா. காய்ச்சா வந்து பறிச்சிக்க.”

“தண்ணி நீ ஊத்து,” என்றார் அவர். “எனுக்கு அந்தாண்ட வேலை இருக்குது.” கல்லைச் சுற்றி மண்ணை மிதித்து இறுக்கியது அவர்தான்.

மறுநாள் பத்திரத்தைப் புதிதாக எழுதினேன். ஜெயசித்ராவின் துண்டுக்கு இப்போது ரோட்டோரம் நாலடி நேர், நாற்பது அடி கோணல். நான்கு எல்லைக்குள் அடங்காத நிலத்தை எழுதுவது எனக்குப் பழக்கமில்லை. மூன்று தடவை கிழித்தேன். கடைசியில், எல்லைக் கயிற்றுக்கு நேர்குறுக்காக மொத்தம் முப்பத்தாறு அடி என்று ஒரு வரி சேர்த்தேன். சதுர அடியைப் பட்டாவோடு ஒத்துப் பார்த்தேன். ஒத்துவந்தது. இரண்டு எண்கள் முதல் தடவையாகப் பேசிக்கொண்டதைக் கேட்ட சந்தோஷத்தில் அக்பர் அலிக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். அவர் அதைப் பட்டாவைவிட அதிகமாகச் சந்தேகப்பட்டார்.

பத்து நாள் கழித்து பக்கிரி போன் செய்தார்.

“சேவியர், நான் போய்ப் படித்துப் பார்த்தேன். எகிப்து, பாபிலோன் வரைக்கும் சொன்னேன் இல்லையா? நான் அங்கேயே நின்றுவிட்டேன். நம் நாட்டிலேயே ஆயிரத்து நானூறு வருடத்துக்கு முன் ஒருவர் இந்த முறையைக் கொடுத்துவிட்டு, இது தோராயம்தான் என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறார். அவருக்கு ஐந்நூறு வருடம் கழித்து வந்த ஒருவருக்கு அதுவும் போதவில்லை. குறுக்களவு சொல்லாமல், நான்கு பக்கத்தை மட்டும் சொல்லிப் பரப்பு கேட்கிறவனைப் பிசாசு என்கிற அளவுக்குத் திட்டியிருக்கிறார்.”

“கேக்கறவன்னா நம்ம ஆதிமூலமா?”

“இருங்கள். கேட்கிறவனைவிட, அதற்குப் பதில் சொல்கிறவன் இன்னும் மோசம் என்கிறார்.” புத்தகத்தை மூடும் சத்தம் கேட்டது. “அது நீங்களும் நானும்.”

முப்பத்தொரு வருடத்தில் இவ்வளவு சரியாக என்னை யாரும் திட்டியதில்லை. எண்ணூற்றுச் சொச்சம் வருடத்துக்கு முன்னாலேயே, என் முகத்தைப் பார்க்காமலே, வில்லியனூரில் ஒருவன் இப்படி உட்கார்ந்து எழுதுவான் என்று ஒருவருக்குத் தெரிந்திருக்கிறது. கோபம் வரவில்லை. யாரோ பெரியவர் வீட்டில் நம்மைப் பெயர் சொல்லி விசாரித்த மாதிரி இருந்தது. பக்கிரிக்கு நன்றி சொன்னேன். உண்மையாகவே சொன்னேன். அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்; கார்டில் அப்படி ஒன்றும் அச்சடிக்கவில்லையே.

இப்போது என் கடைக்கு வருகிறவர்களிடம் நான்கு பக்கம் கேட்டபின், மூலைக்கு மூலை குறுக்கே எத்தனை அடி என்றும் கேட்கிறேன். “இன்னா சார், புதுசு புதுசாக் கேக்கறீங்க” என்று எரிச்சல்படுகிறார்கள். சிலர் பக்கத்து எழுத்தரிடம் போய்விடுகிறார்கள். பழைய நகல்களைக் கட்டுக் கட்டாக எடுத்து, பட்டா எண்ணோடு ஒத்துப் பார்க்கிறேன். ஒத்துவராதவர்களுக்கு நானே போன் செய்கிறேன். இதுவரை பதினொரு பேர். திட்டினவர் ஏழு, நன்றி சொன்னவர் மூன்று. கரையாம்புத்தூர் பவுனம்மாள் மட்டும், “எனுக்கு அப்பவே தெரியும், நீ கேக்கல” என்று வைத்துவிட்டார்.

போன மாதம் ஜெயசித்ரா வீட்டுப் பால்காய்ப்பு. ஆதிமூலம் வாசலில் நின்று எல்லோரையும் வரவேற்றார், தானே கட்டிய வீடு மாதிரி. இரண்டு தென்னங்கன்றுகளின் அடியும் ஈரமாக இருந்தன. பக்கிரி ஒரு மூலையில் உட்கார்ந்து இன்னாசிமுத்து மேஸ்திரியிடம் நூல் பிடிப்பது எப்படி என்று கேட்டுக்கொண்டிருந்தார். வந்தவர்கள் ஹாலைப் பார்த்தார்கள், சமையலறையைப் பார்த்தார்கள். என்னையும் அக்பர் அலியையும் ஜெயசித்ரா நேராகப் பக்கவாட்டில் இருந்த பாத்ரூமுக்குக் கூட்டிப்போனாள். ஐந்தடி அகலம். வெள்ளை டைல்ஸ். ஒரு புது வாளி, அதன்மேல் ஸ்டிக்கர்கூடக் கிழிக்கவில்லை.

“உள்ள போயி கதவ சாத்திப் பாருங்க சார்.”

“நானா?”

“நீங்கதான. எழுதனது நீங்க.”

எழுதியது நான், அவள் சொன்னபடி எழுதினேன். இதை அங்கே சொல்லியிருக்க வேண்டும். உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டேன். நான்கு மூலையையும் பார்த்தேன். வெளியே பந்தல் பாட்டும், பிள்ளைகள் ஓடும் சத்தமும், அக்பர் அலி யாரையோ கிண்டல் செய்யும் குரலும் கேட்டன. வேண்டுமென்றே கொஞ்ச நேரம் நின்றேன். யாரும் கதவைத் தட்டவில்லை.